மஞ்சள் குடித்த முந்நூறு கட்டை

நாற்பத்து மூன்று வயது வரை பெரியநாயகி உட்கார்ந்துகொண்டு சம்பளம் வாங்கியதே இல்லை. மலாய் நாட்டில் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பதினான்கு வயதில் பால்மரம் வெட்டப் போனவள், இருபத்திரண்டு வருஷம் நடையும் குனிவுமாகவே காலத்தை ஓட்டினாள். கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுத் தோட்டத்தில் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது, புருஷன் தங்கையாவோடு புக்கிட் காத்திலுக்கு வந்து ஒரு மலிவு வீட்டில் குடியேறினாள். அங்கிருந்து கம்பெனி பஸ் ஏறி, தொழிற்பேட்டையில் ரேடியோ பாகங்கள் செய்யும் ஒரு ஃபேக்டரியின் கேண்டீனில் தட்டு கழுவினாள். அது ஏழு வருஷம், அதுவும் நின்றுகொண்டேதான். சோப்புத் தண்ணீர் விரல் இடுக்கையெல்லாம் தின்று, தீபாவளிக்கு மருதாணி வைத்தால்கூட எரியும் அளவுக்குக் கையைப் புண்ணாக்கியிருந்தது.

பிறகுதான் நாற்காலி வந்தது. கேண்டீன் வாசலில் சாப்பாட்டு அட்டை வாங்கிப்போட ஆள் தேவைப்பட்டது. நாயகியை அங்கே உட்கார வைத்தார்கள். முதுகு சாய்க்கிற நாற்காலி, தலைக்கு மேலே காற்றாடி. முதல் நாள் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு எனக்குக் கால் வலிக்கலைங்க" என்று ஏதோ ஒரு நோயைப்போலப் புருஷனிடம் முறையிட்டாள். விரல்கள் ஆறவே அரை வருஷம் ஆயிற்று. அந்த நாற்காலியை யாராவது பத்து நிமிஷத்துக்கு எடுத்துப்போனாலும் அவளுக்கு முகம் கடுத்துவிடும்.

அட்டை என்றால் சின்ன பிளாஸ்டிக் அட்டைதான். ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஓர் அட்டை கொடுப்பார்கள். கேண்டீனுக்குள் அதுதான் காசு. நாயகியிடம் ஒரு அட்டையைக் கொடுத்தால் ஒரு சாப்பாடு. திரும்பி வரும் அட்டைகளில் சம்பல், மீன் எண்ணெய், கிரீஸ் என்று எல்லாம் ஒட்டியிருக்கும். கொதிநீரில் அலசித்தான் மறுபடி விடவேண்டும். கொதிநீர் பட்ட பிளாஸ்டிக் நெளியும், மூலை உடையும். மாதத்துக்கு நாற்பது அட்டையாவது குப்பைக்குப் போகும். குப்பையைக் கேண்டீனுக்குப் பின்னால் போட்டு எரிப்பார்கள். அந்த நாற்றத்தில் அரை மணி நேரத்துக்கு ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது.

தொண்ணூற்றேழில் புகைமூட்டம் வந்து ஊரையே மூடியது. பக்கத்துத் தெரு தெரியவில்லை. பிள்ளைகள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். இருக்கிற புகை போதாதென்று கேண்டீன்காரர்கள் பிளாஸ்டிக்கை எரித்தால் யார் சும்மா இருப்பார்கள்? சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேனேஜர் ஹலிம், மரியாதைக்கு எல்லாரும் என்சிக் என்று கூப்பிடுகிற மலாய்க்காரர், கையில் கடிதத்தோடு கேண்டீனுக்கே வந்துவிட்டார். இனிமேல் இங்கே பிளாஸ்டிக் அட்டை கிடையாது என்று மேசையைத் தட்டிச் சொன்னார்.

அப்போது பர்சனல் ஆபீசர் ஜெயராஜ் ஒரு யோசனை சொன்னான். புக்கிட் பெருவாங் ஊர்ப் பையன், கெட்டிக்காரன், நாயகியை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவன். வாசலில் ஒரு மிஷின் வைத்துவிட்டால் ஆளுக்கு ஒரே அட்டை போதும், இழுத்தால் கதவு திறக்கும், அலசவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம் என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் மிஷினுக்கு நாற்காலி தேவையில்லை.

யாரும் கேட்காமலே நாயகி வாயைத் திறந்தாள்.

"என்சிக், மரத்துல பண்ணலாமே. எங்க வீட்டுக்காரரு பாயா ரும்புட்ல நாற்காலி செய்யற கம்பெனியிலதான் வேலை செய்றாரு. ரப்பர் கட்டை துண்டு துண்டா மலையாட்டம் கெடக்கு. சும்மாத்தான் அடுப்புக்குப் போவுது. உடைஞ்சாலும் பூமிக்குப் போயிரும், நாறாது."

பாதி தமிழும் பாதி மலாயுமாக அவள் சொல்லி முடிப்பதற்குள் கேண்டீனில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ஹலிம் தாடையைச் சொறிந்தார். அந்த மாதம் ரிங்கிட் விழுகிற வேகத்தில் வெளிநாட்டு மிஷின் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. "முந்நூறு கொண்டா. திங்கட்கிழமை பார்க்கிறேன். சரியில்லை என்றால் அன்றைக்கே மிஷினுக்கு ஆர்டர்" என்றார்.

அவர் போனபிறகு ஜெயராஜ் அவள் அருகே வந்தான். "அக்கா, ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன். மிஷின் வந்துச்சுன்னா கவுண்டர்ல ஆள் வேணாம். ஒங்களை வேலையை விட்டு எடுக்க மாட்டாங்க, ஆனா பழையபடி பின்னாலதான் போடுவாங்க."

பின்னால் என்றால் தட்டு கழுவும் தொட்டி. நாயகி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

தங்கையா கட்டை விஷயத்தில் குறை வைக்கவில்லை. மனைவியைக் கிண்டல் பண்ணாமல் ஒரு வேளை சோறு இறங்காத மனுஷன்தான், ஆனாலும் வேலை என்று வந்துவிட்டால் வேறு ஆள். முதலாளியிடம் கேட்டு, சூளையில் நன்றாகக் காய்ந்த துண்டுகளாகப் பொறுக்கி, இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்து, ஓரம் இழைத்து, ஒவ்வொன்றிலும் சூட்டுக்கம்பியால் எண் போட்டான். ஒன்றிலிருந்து முந்நூறு வரை. பால் கலந்த தேத்தண்ணியின் நிறத்தில் வழவழவென்று இருந்தன. வெள்ளிக்கிழமை காலையில் நாயகி அவற்றை ஒரு கூடையில் அடுக்கிக் கேண்டீனுக்குக் கொண்டுபோனாள். மேலே பூச்சு எதுவும் அடிக்கவில்லை. சாப்பிடுகிற இடத்தில் புழங்குகிற சாமானில் வார்னிஷ் வேண்டாம் என்று அவள்தான் தடுத்திருந்தாள்.

அந்த வருஷம் ஆயுத பூசை அதே வெள்ளிக்கிழமை வந்தது. மாலை ஷிப்டு சாப்பாடு முடிந்ததும் கேண்டீனில் சின்னதாக ஒரு பூசை போடுவது அவர்கள் வழக்கம். சமையல்காரி தேவமலர் அடுப்பைத் துடைத்து, பெரிய வாணலியையும் கத்திகளையும் வரிசையாக வைத்தாள். மஞ்சள் குழைத்துப் பொட்டு வைக்கிற பொறுப்பு நாயகியுடையது. பொட்டு வைப்பதில் அவள் கஞ்சத்தனம் பார்க்கிறவள் அல்ல. அடுப்புக்கு, வாணலிக்கு, கத்திக்கு, காற்றாடி சுவிட்சுக்கு, தன் நாற்காலியின் நான்கு காலுக்கும் வைத்தாள். அதோடு நின்றிருக்கலாம். மூன்று வருஷமாகப் பிளாஸ்டிக் அட்டை ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துப் பழகிய கை நிற்குமா? அதுவும் இவை புதிதாக வந்தவை, அவள் சோற்றைக் காப்பாற்றப் போகிறவை. முந்நூறு கட்டைக்கும் எண்ணுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, ஈரமான மஞ்சள் பொட்டு வைத்தாள். குங்குமம் கத்திகளோடேயே தீர்ந்துபோயிருந்தது. அதுவும் ஒரு புண்ணியம்.

பூசை முடிந்து, சுண்டல் தின்று, வழக்கம்போல ஈரத்துணியை எடுத்து முதல் கட்டையைத் துடைத்தாள். பொட்டு போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். துணிதான் மஞ்சளாயிற்று. பிளாஸ்டிக்கில் ஒரு தேய்ப்பில் போகிற மஞ்சளைப் பூச்சில்லாத ரப்பர் கட்டை ஆசையாகக் குடித்துவிட்டிருந்தது.

"அலமாக்! என்னாக்கா இது?" என்று தேவமலர் கன்னத்தில் கை வைத்தாள்.

"ஒண்ணுமில்ல, சோப்புப் போட்டா போயிரும்" என்றாள் நாயகி. பதற்றத்தில் புத்தி வேலை செய்யாது என்பதற்கு அவள் அன்றைக்குச் செய்ததே போதும். ஒரு வாளித் தண்ணீரில் சலவைத்தூளைக் கரைத்து முந்நூறையும் மொத்தமாக உள்ளே போட்டாள். மஞ்சளில் சுண்ணாம்போ சோப்பின் காரமோ பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? குங்குமமே அப்படித்தானே பிறக்கிறது! கையை விட்டு ஒன்றை வெளியே எடுத்தால், பொட்டு இருந்த இடம் சிவந்து, யாரோ வெற்றிலைச் சாற்றைத் துப்பி வைத்ததுபோல இருந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று தேவமலரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, கூடையைத் துணியால் மூடி, பஸ் ஏறி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

தங்கையா கூடையைத் திறந்து பார்த்தான். "என்னா நாயகி, கட்டைக்கெல்லாம் கல்யாணமா?"

அவள் சிரிக்கவில்லை. நாற்காலிமேல் அவளுக்கு இருந்த ஆசை தெரிந்தவன் என்பதால் அவனும் உடனே வாயை மூடிக்கொண்டான். உப்புத்தாளை எடுத்து ஒரு கட்டையைத் தேய்த்துப் பார்த்தான். கறை ஆழமாக இறங்கியிருந்தது, எண்ணோ மேலாகத்தான் சுட்டிருந்தது. கறை மறைவதற்கு முன்னால் எண் மறைந்தது. புதிதாக அறுக்கலாம் என்றால் பட்டறை திங்கட்கிழமை காலையில்தான் திறக்கும். "தோலை உரிச்சாலும் போவாது போல இருக்கே" என்றான்.

அவள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்தாள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. அவ்வளவுதான் லாபம். வெற்றிலை எச்சில் போய்ப் பழையபடி பொட்டாயிற்று. இனி ஒரே வழிதான் பாக்கி, அது வீட்டில் துணி துவைக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த வழி. மஞ்சள் கறையை எந்தச் சோப்பும் எடுக்காது, வெயில் எடுக்கும். எத்தனை சட்டையை அவளே அப்படி வெளுத்திருக்கிறாள்! ஆனால் வெயிலுக்கு எங்கே போவது? ஒரு மாதத்துக்கு மேலாக மேலே சூரியன் என்று ஒன்று இருப்பதே சந்தேகமாக இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் வாசலில் துத்தநாகத் தகடுகளைப் போட்டு முந்நூறையும் பரப்பினாள். வானம் சாம்பல் பூசியிருந்தது. பத்து மணிக்கு ஒரு மங்கல் வெளிச்சம் வந்தது, அதில் தன் நிழலைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை. தகட்டுப் பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்து, கால் மணிக்கொரு தரம் ஒரு கட்டையை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். தங்கையா சோறு போட்டு முன்னால் வைத்தான். தொடவில்லை. "பார்த்துக்கிட்டே இருந்தா வெளுத்துருமா?" என்று கேட்டவன், அவள் முகத்தைப் பார்த்ததும், தானும் ஒரு கட்டையை எடுத்து அவளைப்போலவே கண்ணருகே வைத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வேறு கவலை வந்துவிட்டது. "ஒரே பக்கம் காஞ்சா கட்டை வளைஞ்சிரும். திருப்பித் திருப்பிப் போடணும்." அதன்பிறகு மணிக்கொரு தரம் இருவரும் ஆளுக்கொரு ஓரத்திலிருந்து முந்நூறையும் திருப்பினார்கள். தெருவில் போனவர்கள் என்ன வடகமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள் நாயகி. சாயங்காலம் எடுத்து அடுக்கும்போது மஞ்சள் ஒரு நூல் குறைந்திருந்தது. குறைந்ததா, அப்படித் தோன்றியதா என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஞாயிறு காலையும் அப்படித்தான். பதினோரு மணிவாக்கில் திடீரென்று காற்று எழுந்து, இரைச்சலோடு மழை பிடித்தது. ஊரே மழை மழை என்று கூத்தாடியபோது அவள் ஒருத்திதான் அந்த மழையைத் திட்டினாள். கட்டைகளைப் பாதி அள்ளுவதற்குள் மீதி நனைந்துவிட்டன. போயிற்று, எல்லாம் போயிற்று, ஈரக்கட்டையும் நெளிந்துவிடும் என்று வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்தாள். அரை மணி நேரம் பெய்து மழை நின்றது.

"நாயகி, வெளியே வா" என்று தங்கையா கூப்பிட்டான்.

வானம் நீலமாக இருந்தது. காற்றும் மழையுமாகச் சேர்ந்து புகையைக் கழுவிக் கொண்டுபோயிருந்தன. எதிர் வீட்டு ஓட்டிலும் பக்கத்து வாழை இலையிலும் வெயில் கண் கூசும்படி அடித்தது. எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து! நாயகி வெயிலைப் பார்த்துக் கும்பிட்டாள். பக்தி எல்லாம் பிறகு, முதலில் கட்டையைப் பரப்பு என்றான் தங்கையா.

பன்னிரண்டரையிலிருந்து ஐந்து மணி வரை சுட்டெரித்தது. இரண்டு மணிக்குப் பொட்டின் ஓரம் கரைந்தது. மூன்று மணிக்கு அது எலுமிச்சை நிறமாயிற்று. நான்கரைக்கு அவள் நூற்றுப் பதினெட்டாம் எண் கட்டையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். பொட்டு வைத்த இடம் எது என்றே தெரியவில்லை. அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். பிறகு தகட்டுப் பக்கத்தில், தெரு பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல், ஓவென்று அழுதாள். ஏழு கட்டை மட்டும் லேசாக வளைந்திருந்தது. அம்மிக்கல்லைத் தூக்கி அவற்றின்மேல் வைத்தான் தங்கையா. நான்கு நேரானது, மூன்று பிடிவாதமாகவே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஹலிமும் ஜெயராஜும் வந்தார்கள். ஹலிம் ஒரு கட்டையை எடுத்தார், முகர்ந்தார், மேசை விளிம்பில் தட்டினார், எண்ணை விரலால் தடவினார். எலுமிச்சை வாசம் வந்திருக்குமோ என்று நாயகி அவர் மூக்கையே பார்த்தாள்.

"அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைத் தினமும் கழுவவேண்டுமே. மரம் தாங்குமா?" என்று மலாயில் கேட்டார் ஹலிம்.

ஜெயராஜ் நாயகியைப் பார்த்தான். அந்தக் கேள்வி இத்தனை நாளில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஹலிம் கட்டையைக் கூடையில் போட்டார். "கழுவி, சில மாதம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை காத்திருக்க முடியாது. எதற்கும் மிஷினுக்கு எழுதிவிடு" என்றார் ஜெயராஜைப் பார்த்து.

மறைத்துவிடலாம் என்றுதான் நாயகி இரண்டு நாளாகச் செத்துப் பிழைத்தாள். கறையைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே வரக்கூடாது என்று தேவமலரிடம்கூடச் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது மறைத்தால்தான் நாற்காலி போகும்.

"கழுவியாச்சு என்சிக்," என்றாள். "முந்நூறையும் கழுவியாச்சு. சோப்புத் தண்ணியில ஊறப்போட்டேன். எலுமிச்சை தேய்ச்சேன். ரெண்டு நாள் வெளியில காயப்போட்டேன், மழையிலயும் நனைஞ்சிருச்சு. மூணுதான் வளைஞ்சிருக்கு. இதோ, அதையும் கொண்டாந்திருக்கேன்."

ஹலிம் புருவத்தை உயர்த்தினார். "எதற்கு அத்தனை?"

அவள் சொன்னாள். பொட்டிலிருந்து சலவைத்தூள் வரை ஒன்றையும் விடவில்லை. ஜெயராஜ் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ அக்கா, மரத்துக்குப் போயி மஞ்சளா?" என்றான். கோயில் பூசையெல்லாம் அறியாத மாதாகோவில் வீட்டுப் பிள்ளை, அவனுக்கு அது புதுக்கதை.

ஹலிமுக்குப் புதிதல்ல. கூடைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மஞ்சள் கறையா? ஒன்றில்கூடக் காணோமே!" என்றவர் சிரிக்க ஆரம்பித்தார். "என் அம்மாவும் அப்படித்தான், சட்டையில் குன்யிட் மஞ்சள் பட்டால் வெயிலில்தான் போடுவார்." வளைந்த மூன்றை மட்டும் தனியே எடுத்து உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக்கில் மாதம் நாற்பது போகிறது. இது மூன்று. அதையும் அடுப்பில் போட்டுக் காப்பி போடலாம். ஜெயராஜ், மிஷின் வேண்டாம். இன்னும் ஐந்நூறு செய்யச் சொல்லு. இந்த அம்மாவே கவுண்டரில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும்."

அவர் போய்விட்டார். நாயகி நின்ற இடத்திலேயே நின்றாள். ஏதோ ஒரு சுமை தலையிலிருந்து இறங்கியதும் கழுத்து பழைய நிலைக்கு வரச் சிறிது நேரம் பிடிக்குமே, அப்படி நின்றாள்.

"அப்ப அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு என்னாக்கா பண்ணுவீங்க?" என்றான் ஜெயராஜ்.

"பொட்டு வைப்பேன் தம்பி. பொட்டு வைக்காம இருப்பாங்களா? கூடைக்கு வைப்பேன்."

மதியம் ஷிப்டு மணி அடித்தது. அன்றைக்கு முதன்முதலாகக் கட்டைகள் பெட்டிக்குள் டொக் டொக்கென்று விழுந்தன. மலாய்ப் பெண்கள் கையில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருத்தி கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். கூட்டம் ஓய்ந்ததும் நாயகிக்குப் பசி தெரிந்தது. சனிக்கிழமையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர ஒழுங்காக எதையும் அவள் சாப்பிட்டிருக்கவில்லை. தன் பங்குக் கட்டையை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டுத் தட்டோடு தேவமலர் முன்னால் போய் நின்றாள்.

தேவமலர் இரண்டு அகப்பை சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றி, "போதுமாக்கா?" என்றாள்.

"இன்னும் போடு தாயி," என்றாள் பெரியநாயகி. "கை வலிக்குதா ஒனக்கு?"